பார்க்கிங்குக்காகப் பறந்தவர்

அவர் பல்செட் செய்பவர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, வேகவைத்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். ஊரில் பாதிப் பெரிய மனிதர்கள் இவர் தயவில்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எந்தச் சிரிப்பு தன்னுடையது என்று அவர் வெளியே சொன்னதில்லை. தொழில் தர்மம்.

சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. தொடையிலிருந்து பாதம்வரை இரும்புச் சட்டம், கையில் ஒரு ஊன்றுகோல். கல்யாணம் ஆகவில்லை. பெண் வீட்டார் வந்தார்கள், முதலில் காலைப் பார்த்தார்கள், அதற்கு மேலே பார்க்கவில்லை. அதனால் தங்கை வீட்டின் பின்பக்க அறையில் இருந்தார். அறையில் பாதி படுக்கை, பாதி பட்டறை. காலையில் கண் விழித்ததும் ஜன்னலோரத்தில் காய்கிற பல் வரிசைகள் அவரைப் பார்த்து இளிக்கும். அவருக்கு அது பழகிவிட்டது. வேலைக்கு வந்த பெண்கள்தான் நிலைக்கவில்லை.

தங்கையின் கணவர், அவருக்கு மாப்பிள்ளை முறை, குளியலறைச் சாமான் கடை வைத்திருந்தார். குழாய், ஷவர், வாஷ்பேசின். கெட்ட மனிதர் இல்லை. மச்சானுக்குத் தனி அறை கொடுத்தவர், அந்த அறைக்குத் தன் கடையிலிருந்தே நல்ல வாஷ்பேசின் பொருத்திக் கொடுத்தவர். இலவசம் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் கொஞ்சம் நிதானம் தப்பும். ஒன்று வாங்கினால் ஒன்று என்று போட்டிருந்த கடையில், தேவையே இல்லாத மழைக்கோட்டை வாங்கி, தேவையில்லாத இன்னொன்றைச் சும்மா பெற்றுக்கொண்டு வந்து ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தவர்.

வீட்டில் எங்காவது கிளம்பும்போது, மச்சானைப் பார்த்து அவர் ஒரு வாக்கியம் சொல்வார்.

“உங்களுக்கு எதுக்கு மச்சான் சிரமம்? நீங்க வீட்ல இருங்க.”

கல்யாணம், வரவேற்பு, கடற்கரை, சினிமா எல்லாவற்றுக்கும் அதே வாக்கியம்தான். பல்செட்காரர் தலையாட்டிவிட்டுப் பட்டறைக்குப் போய் யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லை அரத்தால் தேய்த்துக்கொண்டிருப்பார்.

இந்த ஏற்பாடு மாறியது தங்கை மகளால். கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கும் கணவனிடம் அவள் கிளம்புகிற அன்று, “மாமா வரலேன்னா நான் விமானம் ஏறமாட்டேன்” என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள். வேறு வழியில்லாமல் மாமாவைப் பின்சீட்டில் பெட்டிகளுக்கு நடுவே செருகிக்கொண்டு போனார்கள்.

விமான நிலையத்துப் பார்க்கிங் வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு பெண்மணி. மாப்பிள்ளை பர்ஸைத் திறந்து, அதற்கு முன்னேற்பாடாகப் பெருமூச்சும் விட்டாயிற்று. அந்தப் பெண்மணி குனிந்து பின்சீட்டைப் பார்த்தார்.

“அவங்களுக்குக் காலா?”

“ஆமா. அதனால என்ன?”

“அப்ப காசு வேண்டாம் சார். வாசல் பக்கத்துலயே நீலக்கோடு போட்ட இடம் இருக்கு. அங்க நிறுத்திக்கங்க.”

மாப்பிள்ளை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பெண்மணி இன்னொரு தடவை சொன்னார். மாற்றுத்திறனாளி வருகிற வண்டிக்குக் கட்டணம் கிடையாது, வாசலருகே தனி இடம், எவ்வளவு நேரமானாலும் கேள்வி இல்லை.

மகளை வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது மாப்பிள்ளை ஏழெட்டுத் தடவை கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்தார். இத்தனை வருஷமாக வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்கிற பார்வை.

அதற்குப் பிறகு பல்செட்காரர் இல்லாமல் அந்தக் குடும்பத்தில் யாரும் விமான நிலையம் போனதில்லை. மாப்பிள்ளையின் தம்பி ஊருக்குப் போனால் இவர், தம்பியின் மாமியார் வந்தால் இவர். செய்தி பரவியதும் கடைப் பங்காளி கேட்டார், எதிர்வீட்டுக்காரர் கேட்டார். “மச்சானைக் கொஞ்சம் குடுங்களேன். மதியத்துக்குள்ள பத்திரமாக் கொண்டுவந்து விட்டுடறோம்” என்று ஏணி இரவல் கேட்பதுபோல் வாசலில் நின்று கேட்டார்கள். சிரமம் என்ற சொல் அந்த வீட்டு அகராதியிலிருந்தே எடுபட்டுப் போனது.

அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் போனார், பிடித்தும் இருந்தது. முதல் சில தடவை, “நீங்க கார்லயே உக்காந்திருங்க மச்சான், நாங்க உள்ள போய்க் கூட்டிட்டு வந்துடறோம்” என்றார் மாப்பிள்ளை.

“நான் இறங்கலேன்னா அந்த இடத்துல நிறுத்தக்கூடாது மாப்ள. கூண்டுல இருக்கற அம்மா பாத்துட்டே இருக்காங்க” என்றார் இவர் சாதுவாக.

அந்த அம்மா அப்போது அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் மாப்பிள்ளை இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டார். பிறகு நிபந்தனைகள் ஒவ்வொன்றாக வந்தன. முன்சீட்டில்தான் உட்காருவார். கண்ணாடியை இறக்கிவிட வேண்டும். உள்ளே போனதும் காபி. ஒருநாள் வழியில் ஒரு சட்டைக் கடையில் நிறுத்தச் சொல்லி, நிதானமாகப் பன்னிரண்டு சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வந்தார். யாரும் மூச்சுவிடவில்லை.

வருகிறவர்கள் வெளியே வரும் கம்பித் தடுப்பு பக்கம் ஒரு நாற்காலி உண்டு. அங்கே உட்கார்ந்தால் அவருக்கு நேரம் போவதே தெரியாது. கதவு திறக்கும், ஒருவர் தள்ளுவண்டியோடு வருவார், தடுப்புக்கு இந்தப் பக்கம் யாரோ ஒருவரின் வாய் முழுசாகத் திறக்கும். மனிதர்கள் தங்கள் பல்லை இவ்வளவு மறந்து சிரிப்பதை அவர் வேறெங்கும் பார்த்ததில்லை. அவரிடம் வருகிற அச்சுகள் எல்லாம் டாக்டர் சொல்லிக் கடித்தவை.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஊரில் மாப்பிள்ளை ஒருவருக்குத்தானா மச்சான்? நீலக்கோட்டுக்குள் இடம் பிடிக்க வரிசை நின்றது. கால் சுளுக்கியவர்கள் வந்தார்கள், சுளுக்கப்போகிறவர்கள் வந்தார்கள், ஊன்றுகோலை மறந்துவிட்டு ஓடிப்போய் வண்டி ஏறியவரும் இருந்தார். நிர்வாகம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு பலகை வைத்தது: பயணச்சீட்டு வைத்திருக்கும் மாற்றுத்திறனாளிக்கு மட்டுமே சலுகை. வழியனுப்ப வருகிறவர், வரவேற்க வருகிறவர், சும்மா வேடிக்கை பார்க்க வருகிறவர் யாருக்கும் கிடையாது.

அந்த வாரமே எதிர்வீட்டுக்காரர் வணக்கம் சொல்வதை நிறுத்தினார். கடைப் பங்காளி போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளையின் தம்பி ஊரிலிருந்து வந்த அன்று மாப்பிள்ளை சட்டையை மாட்டிக்கொண்டே, “உங்களுக்கு எதுக்கு மச்சான் சிரமம்?” என்றார். பல்செட்காரர் தலையாட்டிவிட்டுப் பட்டறைக்குப் போனார். அன்றைக்குச் செய்த செட்டில் முன்பற்கள் கொஞ்சம் கடுகடுவென்று அமைந்துவிட்டதாக டாக்டர் திருப்பி அனுப்பினார்.

சில மாதம் கழித்துத் தங்கை மகளுக்குப் பிரசவத்துக்கு நாள் குறித்தார்கள். அப்பாவும் அம்மாவும் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வருவதாக முடிவாயிற்று. பெட்டி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளை அந்தப் பலகையை மறுபடி படித்துவிட்டு வந்திருந்தார். சாதாரணமாகப் படிக்கவில்லை. வக்கீல் படிப்பதுபோல் படித்திருந்தார்.

“பயணம் முடிஞ்சு திரும்பற வரைக்கும் வண்டிக்குக் கட்டணம் இல்லைன்னு கடைசி வரில போட்டிருக்கான். எத்தனை நாள்னாலும்! யாரும் இதைக் கவனிக்கவே இல்ல.”

“நாம போறோம். நமக்குக் கால் நல்லாத்தானே இருக்கு” என்றாள் தங்கை.

“மச்சானுக்கு ஒரு டிக்கெட் போட்டா?”

தங்கையின் முகம் மலர்ந்தது. “அண்ணனையும் கூட்டிட்டுப் போறோமா?”

“அட, அவ்வளவு தூரத்துக்கு யாரு போட முடியும்? இருக்கறதுலயே மலிவா பக்கத்து ஊர் எதுக்காவது ஒண்ணு. நாம போற அன்னிக்குப் போக, நாம வர்ற அன்னிக்கு வர. ஏறணும்னு இல்ல. உள்ள போய் போர்டிங் பாஸ் வாங்கிட்டு, வெளிய வந்து பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்துடலாம்.”

தங்கை மடித்த புடவையைக் கீழே வைத்தாள். “ஏங்க, அந்த டிக்கெட் காசுக்கு டாக்ஸியிலேயே போயிட்டு வந்துடலாமே.”

“டாக்ஸிக்குக் குடுத்தா அது செலவுடி. இது சலுகை.”

கால் விளங்காத மனிதர் பஸ் பிடித்து வீட்டுக்கு வர, கால் விளங்கும் வண்டி அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு மூன்று வாரம் வாசலருகே ஓய்வெடுக்கும் என்பது அந்த அறையில் யாருக்கும் உறைக்கவில்லை. அல்லது ஒருவருக்கு உறைத்தது. அவர், மாப்பிள்ளை உடனே போட்டுக் கொடுத்த டிக்கெட்டில் இருந்த ஊர்ப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும். நடுகிற பல்லும் ஈறுக்கான அக்ரிலிக் பவுடரும் அவருக்கு வருவது அந்த ஊர்க் கடையிலிருந்துதான். கடையை நடத்துவது ஒரு அம்மாள். முகம் தெரியாது, குரல் மட்டும் தெரியும். பல வருஷமாகப் போனில் பல்லின் நிறத்தைப் பற்றி இருவரும் சண்டை போட்டு வந்தார்கள். “கேட்டது வேற நிறம், அனுப்பினது வேற நிறம்” என்பார் இவர். “உங்க ஊர் வெளிச்சமே மஞ்சள்” என்பார் அந்த அம்மாள்.

கிளம்புகிற அன்று தங்கை ஒரு டப்பாவில் மதியச் சாப்பாடு கட்டி, “பஸ்ஸுல வரும்போது பசிக்கும்” என்று கொடுத்தாள். அவர் அதைத் தோள்பையில் வைத்தார். கூடவே ஷேவிங் செட்டையும் ஒரு வேட்டியையும் வைத்தார். எதற்கென்று கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

கூண்டுப் பெண்மணி டிக்கெட்டைப் பார்த்து வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டார். “முதல் பயணமா? சந்தோஷம்” என்று பல்செட்காரரைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு என்னவோபோல் இருந்தது. வெளிநாட்டு விமானங்களுக்கு வேறு வாசல் என்பதால் மாப்பிள்ளையும் தங்கையும் அங்கேயே பிரிந்தார்கள். “பாஸை மட்டும் பத்திரமா வச்சுக்கங்க மச்சான்” என்றார் மாப்பிள்ளை. தங்கை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

கவுன்டரில் இருந்த பெண் போர்டிங் பாஸை நீட்டிவிட்டு எழுந்து நின்று ஊன்றுகோலைப் பார்த்தாள். “வீல்சேர் சொல்லிட்டேன் சார். ரெண்டு நிமிஷம்.”

“வேண்டாம்மா. நான்...”

“அதுக்குக் காசு இல்ல சார்.”

இந்த ஒரு வாக்கியத்துக்கு மறுப்புச் சொல்லும் பழக்கம் அவர் வாழ்ந்த வீட்டில் கிடையாது. யோசிப்பதற்குள் சக்கர நாற்காலி வந்துவிட்டது. தள்ளுகிறவர் தொப்பையும் மீசையுமாகப் பெரிய உருவம். இதுவரை தன் பொறுப்பில் வந்த ஒரு பயணிகூட விமானத்தைத் தவறவிட்டதில்லை என்று அவரே அறிமுகம் செய்துகொண்டார். பல்செட்காரரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி உட்காரவைத்தார்.

“ஐயா, நான் வெளிய போகணும்.”

“பாத்ரூமா சார்? உள்ள இருக்கு. இதைவிட சுத்தமா இருக்கும்.”

“அதில்லங்க. வீட்டுக்குப் போகணும்.”

தள்ளுகிறவர் சிரித்தார். “முதல் தடவை எல்லாரும் இப்படித்தான் சார் சொல்வாங்க. போன வாரம் ஒரு ரிட்டையர்டு போலீஸ்காரர் என் கையைப் பிடிச்சுட்டு அழுதாரு. ஒண்ணும் ஆகாது. கண்ணை மூடித் திறந்தா அந்த ஊரு.”

“பயம் இல்லங்க. நான் ஏறவே வேண்டியதில்ல. இது பார்க்கிங்குக்காக...”

“பார்க்கிங் எல்லாம் பைலட் பாத்துக்குவாரு சார். நீங்க நிம்மதியா உக்காருங்க.”

நாற்காலி பறந்தது. வரிசை வரிசையாக நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். இத்தனை வயதில் அவர் எந்த வரிசையிலும் முந்தியதில்லை. பஸ்ஸில், ரேஷனில், டாக்டர் வீட்டில், எங்கேயும் கடைசியாகத்தான் ஏறியிருக்கிறார். சோதனை செய்யும் இடத்தில் இரும்புச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நிறைய நேரம் இருந்தது. “நில்லுங்க” என்று உரக்கச் சொல்லியிருக்கலாம், யாராவது அதிகாரியைக் கூப்பிட்டிருக்கலாம். பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டது இது: சோதனையைத் தாண்டியபின் அவர் வாயே திறக்கவில்லை.

விமானத்தில் முதல் ஆளாக அவரை ஏற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்து, பெல்ட்டைப் பூட்டிவிட்டு, தள்ளுகிறவர் குனிந்து கேட்டார். “இப்பவும் வீட்டுக்குப் போகணுமா சார்?”

பல்செட்காரர் ஜன்னலைப் பார்த்தார். இறக்கைக்குக் கீழே யாரோ ஒருவர் காதை மூடிக்கொண்டு நடந்துபோனார்.

“கதவைச் சாத்தச் சொல்லுங்க” என்றார்.

மேலே போனதும் ஊர் எல்லாம் அச்சு எடுத்த பிளாஸ்டர் மாதிரி தெரிந்தது என்று பிறகு சொன்னார். மேகத்துக்கு மேலே வெயில் அடித்ததில் அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தங்கை கட்டிய சாப்பாட்டை அங்கே பிரித்துச் சாப்பிட்டார். வீட்டில் சாப்பிடும்போது இவ்வளவு ருசி இருந்ததாக அவருக்கு நினைவில்லை.

இறங்கிய ஊரிலும் ஒரு சக்கர நாற்காலி காத்திருந்தது. கதவு திறந்து அவரை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கூட்டம். இவரைப் பார்த்ததும் எல்லாப் பல்லும் ஒரு நொடி தெரிந்தது. தங்கள் ஆள் இல்லை என்று தெரிந்ததும் மூடிக்கொண்டது. ஒவ்வொருவராக அவர் தலைக்கு மேலே எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

“கூட்டிட்டுப் போக யார் சார் வந்திருக்காங்க?” என்றார் தள்ளியவர்.

யாரும் வரவில்லை என்று சொல்ல அவருக்கு மனசில்லை. போனை எடுத்தார்.

“என்ன, இந்தத் தடவையும் நிறம் மாறிப்போச்சா?” என்றது அந்தக் குரல்.

“இல்லம்மா. நான் உங்க ஊர் விமான நிலையத்துல இருக்கேன்.”

“அப்படியா! என்ன விசேஷம்?”

“பார்க்கிங்.”

அந்தப் பக்கம் சாவிக்கொத்து கிலுங்கியது. பிறகு, “அசையாம அங்கயே இருங்க” என்று குரல் கட்டளையிட்டது.

கடைக்காரம்மாள் ஒரு பழைய வேனில் வந்தார். ஐம்பதைத் தாண்டியிருப்பார். நரைத்த முடி, குரலுக்குப் பொருந்தாத சின்ன உருவம். பல்செட்காரர் கதையை முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, வேன் ஸ்டியரிங்கின் மேல் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மேல் வரிசையில் இரண்டு பல் கட்டியது; நல்ல வேலை என்று இவர் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

வெளியே போகும் வாசலில் அந்த அம்மாள் பர்ஸைத் திறந்தார். “வேண்டாம், நான் இருந்தா...” என்று இவர் ஆரம்பித்தார். அதற்குள் அம்மாள் கட்டணத்தைக் கட்டிவிட்டுச் சில்லறையை டப்பாவில் போட்டுக்கொண்டு கியரை மாற்றியாயிற்று. பல்செட்காரரை வைத்து மிச்சம் பிடித்தவர்கள் நிறையப் பேர். அவருக்காகப் பார்க்கிங் காசு கட்டியவர் இந்த அம்மாள்தான் முதல். பல்செட்காரர் வெகுநேரம் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

கடைக்குப் பின்னால் ஒரு பட்டறையும் அதை ஒட்டி ஒரு அறையும் இருந்தன. பட்டறையில் வேலை செய்தவர் சம்பளம் அதிகம் என்று வேறிடம் போய்விட்டார். பாதி முடித்த செட்டுகள் மேஜைமேல் கிடந்தன. ஒருநாள் தங்கிவிட்டுப் பஸ்ஸில் ஊர் திரும்புவதாகத்தான் பேச்சு. மறுநாள் காலை சும்மா இருக்க முடியாமல் ஒரு செட்டை எடுத்து முடித்தார். அடுத்ததையும் எடுத்தார். மூன்றாம் நாள் கடைக்காரம்மாள் அவர் உயரத்துக்குத் தோதாக ஒரு ஸ்டூல் வாங்கிவந்து போட்டார். நிறத்தைப் பற்றி இப்போது நேருக்கு நேர் சண்டை போட்டார்கள். பாதிச் சண்டையில் அந்த அம்மாள் ஜெயித்தார். அந்த ஊர் வெளிச்சம் உண்மையிலேயே வேறு. அந்த அம்மாளின் கணவர் பிரிந்துபோய்ப் பல வருஷமாகிவிட்டது. அதை அவர், பிடிக்காத சரக்கைத் திருப்பி அனுப்பிய கதைபோல ஒரே வரியில் சொன்னார்.

ஊரிலிருந்து டாக்டர்கள் போன் செய்தபோது, “வெளியூர்ல இருக்கேன்” என்றார். வாழ்க்கையில் முதல்முறையாகச் சொல்லும் வாக்கியம். அது வாய்க்கு இவ்வளவு இதமாக இருக்கும் என்று தெரியாது. போன் செய்யாத இரண்டு டாக்டர்களையும் தானே கூப்பிட்டுச் சொன்னார்.

மாப்பிள்ளையும் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டார். பேத்தி பிறந்த செய்தியைச் சொல்லிவிட்டு, “வீடு எப்படி மச்சான் இருக்கு?” என்றார்.

“நீங்க விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கு மாப்ள.”

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மூன்று வாரம் கழித்து, மாப்பிள்ளையும் தங்கையும் வந்து இறங்கினார்கள். வண்டி நீலக்கோட்டுக்குள் தூசி படிந்து நின்றது. வெளியே எடுக்க வேண்டுமானால் சலுகைக்கு உரியவர் கூட இருக்க வேண்டும். மாப்பிள்ளை மச்சானைக் கூப்பிட்டார், போன் அணைந்திருந்தது. கூண்டுக்குப் போனார்.

“அவர் எங்க சார்?” என்றார் பெண்மணி.

“வந்துட்டே இருக்காரு. பஸ்ஸுல...”

பெண்மணி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “பஸ்ஸா?”

“ஏர்பஸ்” என்றார் மாப்பிள்ளை.

“நல்லது சார். ஏன் கேக்கறேன்னா, இந்த மாசம் நிறையப் பேர் மாட்டியிருக்காங்க. டிக்கெட் மட்டும் போடறது, ஏறாம வீட்டுக்குப் போயிடறது. அதனால இப்ப ஒவ்வொருத்தரையும் சரிபாக்கச் சொல்லிட்டாங்க. ஏறலேன்னா எல்லா நாளுக்கும் கட்டணம், அதுக்கு மேல அபராதம், வண்டி எண்ணை வேற போர்டுல எழுதிப் போடுவோம்.”

பெண்மணி உள்போனை எடுத்து எண்ணை அழுத்தினார்.  ஷவர் கடை முதலாளியின் வண்டி எண் பலகையில் தொங்குவது மாப்பிள்ளையின் கண்முன் வந்தது. பக்கத்தில் நின்ற மனைவியிடம், “நீ ஏண்டி என்னைத் தடுக்கல?” என்று கிசுகிசுத்தார். 

பெண்மணி போனை வைத்தார். “ஏறியிருக்காரு. திரும்பவும் ஏறியிருக்காரு. இப்பத்தான் விமானம் இறங்குது. சரியா இருக்கு சார்.”

மாப்பிள்ளை நிம்மதியடைந்திருக்க வேண்டும். அடையவில்லை. “ஏறினாரா?” என்றார். “எப்படி ஏறலாம்? யாரைக் கேட்டு ஏறினாரு?”

“நீங்க போட்ட டிக்கெட்தானே” என்றாள் தங்கை.

சற்று நேரத்தில் மீசைக்காரர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பல்செட்காரர் மடியில் புதுப் பெட்டி இருந்தது. உடம்பில் புதுச் சட்டை இருந்தது. முகமும் கொஞ்சம் புதுசாகத்தான் இருந்தது. தங்கை ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பயமா இருந்துச்சா அண்ணா?”

“இருந்துச்சு. நல்லா இருந்துச்சு.”

மூவரும் காரில் கிளம்பினார்கள். மோசடியாகத் திட்டமிட்ட ஒன்று தன்னைக் கேட்காமலே நாணயமாக நடந்து முடிந்துவிட்டதில் மாப்பிள்ளைக்கு ஆத்திரம். அபராதத்திலிருந்து தப்பித்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்பதில் குழப்பம். பாதி வழியில் பல்செட்காரர்தான் ஆரம்பித்தார்.

“மாப்ள, அந்த ஊர்ல எனக்குப் பட்டறை வேலை இருக்கு. அடுத்த மாசம் அங்கயே போயிடலாம்னு இருக்கேன்.”

“தனியாவா? உங்களுக்கு எதுக்கு மச்சான்...” என்று ஆரம்பித்த மாப்பிள்ளை, பழகிய வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத் தேடிப்பார்த்துவிட்டு விட்டுவிட்டார். தங்கை பின்சீட்டில் அழுதாள். வீடு வந்ததும் முகம் கழுவிவிட்டு அண்ணனின் சட்டைகளை எடுத்து வைத்து, எதில் பட்டன் இல்லை என்று பார்க்க ஆரம்பித்தாள். அந்தக் கடைக்காரம்மாள் எப்படிப்பட்டவர், சமையல் யார், அறையில் காற்று வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கல்யாணமா என்று மட்டும் கேட்கவில்லை. உறவுக்காரர்கள் அதைக் கேட்டார்கள். “இப்போதைக்குப் பல்லு நிறத்துலயே ஒத்துப்போகல” என்று அவர்களுக்குப் பதில் கிடைத்தது.

கிளம்புகிற அன்று மாப்பிள்ளை கடையைப் பங்காளியிடம் விட்டுவிட்டுத் தானே வண்டியை எடுத்தார். மெழுகுக் கத்தி, அரம், மெருகு மெஷின் எல்லாம் பின்சீட்டில்; இடமில்லாததால் தங்கை வீட்டு வாசலிலேயே விடைகொடுத்தாள். கூண்டுப் பெண்மணி டிக்கெட்டைப் பார்த்துவிட்டு உள்ளே கையைக் காட்டினார். வாசலருகே நிறுத்தி, பெட்டிகளை இறக்கி, தள்ளுவண்டியில் அடுக்கினார் மாப்பிள்ளை. அதற்குப் பிறகும் போகவில்லை. இரண்டு காபி வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நேரமாகுது மாப்ள. கடைக்குப் போகணுமே” என்றார் பல்செட்காரர்.

“இருக்கட்டும் மச்சான். வண்டி நீலக்கோட்டுலதானே நிக்குது, அவசரமில்ல.”

காபி ஆறும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பேத்திக்குக் காது யார் ஜாடை, புது ஊர்த் தண்ணீரில் உப்பு அதிகமா, குழாய் எந்தக் கம்பெனியுடையது. ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்தும் இருவரும் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதில்லை. அறிவிப்பு வந்தது. மாப்பிள்ளை எழுந்து, கையிலிருந்த காகிதக் கோப்பைகளை எங்கே போடுவது என்று தேடினார். தேடிக்கொண்டே கொஞ்சம் தள்ளிப்போய் மூக்கை உறிஞ்சிவிட்டு வந்தார்.

அது பாசமா, கட்டணம் இல்லாத நேரமா என்று பல்செட்காரரால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அவர் அதைக் கிளறவும் இல்லை. மாப்பிள்ளை நீட்டிய தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நாற்காலி வேண்டாம் என்று மீசைக்காரரிடம் சொல்லிவிட்டு, ஊன்றுகோலை ஊன்றி உள்ளே நடந்தார்.